வாழைச் சீப்பின் தலையில் வெள்ளை பூத்தால் விற்கலாமா?

கேள்வி: ஹட்டனில் பழக்கடை வைத்திருக்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை எம்பிலிப்பிட்டிய பக்கமிருந்து லொறியில் அம்புல், கோலிக்குட்டு, ஆனமாலு வாழை எல்லாம் காயாக வந்து இறங்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சீப்பு வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. பிறகு கறுத்துப்போய்ப் பழம் ஒவ்வொன்றாக உதிர்கிறது. தை மாதக் குளிரில் சில பெட்டிகள் மஞ்சளாகவே மாறாமல் சாம்பல் பிடித்தாற்போல் நின்றுவிடுகின்றன. தோட்டத்திலிருந்து வரும் ஒரு அம்மா, பழத்தின் நடுவில் சிவப்பாக இருந்ததென்றும், இரத்தம் ஊசி போட்ட பழம் என்று போனில் படம் வந்ததென்றும் சொல்லிச் சண்டைக்கு வந்துவிட்டார். உருளைக்கிழங்குக்கு அடிக்கிற பங்கசு மருந்தைக் கரைத்துச் சீப்புகளை முக்கி எடு, எல்லாம் சரியாகும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாமா? வெள்ளை பூத்த பழத்தைத் தின்றால் உடம்புக்குக் கெடுதியா? அழுகியதைக் கடைக்குப் பின்னால் நிற்கிற வாழைக்கு அடியில் போடலாமா?
— பழக்கடைக்காரர், ஹட்டன்

பதில்: முதலில் அந்த மருந்து. வேண்டாம். உருளைக்கிழங்கு வெளிறல் நோய்க்கு நுவரெலியாப் பக்கம் அதிகம் அடிப்பது மேங்கோசெப். அது இலையின் மேல் படிந்து நின்று, பங்கசு பரவுவதற்கு விடும் நுண்ணிய வித்துகளைத் தடுக்கும் மருந்து. திசுவுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட பங்கசை அது தொடாது. ஆகவே உங்கள் சீப்பு எப்படியும் அழுகும். கூடவே தோலில் மருந்து ஒட்டியிருக்கும், அதைப் பிள்ளைகள் பல்லால் கடித்து உரிப்பார்கள். ஏற்றுமதி வாழைக்குத் தயாபெண்டசோல், இமசலில் போன்றவற்றைப் போடுகிறார்கள் என்பது உண்மைதான். அது அறுவடைக்குப் பிந்திய பாவனைக்கென்றே அனுமதிக்கப்பட்ட மருந்து. பொதி செய்யும் இடத்தில், அளந்த செறிவில், எச்சத்தைப் பரிசோதித்துச் செய்வது. வயலுக்கு வாங்கிய பக்கெட்டைக் கடைக்குள் பிரித்து ஊற்றுவதோடு அதை ஒப்பிட முடியாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உடலுக்குத் தீங்கான பொருள் சேர்ந்த உணவை விற்பதைத் தடுக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து மாதிரி எடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். யோசனை சொன்ன பக்கத்துக் கடைக்காரர் அல்ல.

இனி உங்கள் கடையில் நடப்பது என்னவென்று பார்ப்போம். சீப்பின் தலையில், அதாவது வெட்டிய இடத்தில், வருவதைத் தலை அழுகல் என்று சொல்லலாம். அது ஒரே பங்கசின் வேலை அல்ல. லாசியோடிப்லோடியா, கொலெட்டோட்ரைக்கம், பியுசேரியம் என்று ஒரு கூட்டமே சேர்ந்து செய்கிறது. வாழைத் தோட்டத்தில் காய்ந்து தொங்கும் இலையிலும், காயின் நுனியில் ஒட்டியிருக்கும் உலர்ந்த பூவிலும் இவை வாழ்கின்றன. குலையிலிருந்து சீப்பை வெட்டும்போது ஒரு பச்சைக் காயம் உண்டாகிறது அல்லவா, அதில் கத்தியும் கழுவிய தண்ணீரும் காய்ந்த சருகும் வித்துகளைக் கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. காய் பச்சையாக இருக்கும்வரை அதற்கு எதிர்ப்புச் சக்தி உண்டு. பழுக்கத் தொடங்கியதும் எதிர்ப்புக் குறைந்து சீனி ஏறுகிறது, பங்கசும் ஓடத் தொடங்குகிறது. நீங்கள் மூன்றாம் நாள் காண்கிற வெள்ளை, கடையில் பிறந்தது அல்ல. வெட்டிய அன்றைக்கே ஏறியது. கடையில் உங்கள் கையில் இருப்பது அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது மட்டுந்தான்.

ஒரு சந்தேகச் சீப்பை எடுத்து, தலையைக் கூரான கத்தியால் குறுக்கே சீவிப் பாருங்கள். நல்ல தலை வெளிர் மஞ்சளாகவோ வெளிர் பச்சையாகவோ இருக்கும், காயாக இருந்தால் வாழைப்பால் துளிர்க்கும். மேலே பஞ்சுபோல வெள்ளையோ இலேசான ரோஜா நிறமோ இருந்து, சீவினால் உள்ளே சுத்தமாக இருந்தால் அது பெரும்பாலும் பியுசேரியம். இன்னும் மேற்பரப்பிலேயே நிற்கிறது. கறுப்பு உலர்ந்து இறுகி, மேலே செம்மஞ்சள் புள்ளிகள் ஈரமாகத் தெரிந்தால் கொலெட்டோட்ரைக்கம். கறுப்பு சொதசொதவென்று நீர்விட்டு, நாளுக்கு நாள் விரலின் (சீப்பிலுள்ள தனிப் பழத்தின்) காம்புக்குள் இறங்கினால் லாசியோடிப்லோடியா. மூன்றிலும் வேகமானது கடைசியாகச் சொன்னதுதான், வெக்கையில் அது இன்னும் பாயும். கண்ணால் பார்த்துப் பெயர் சொல்வது நூற்றுக்கு நூறு சரியாக வராது. பல நேரம் மூன்றும் ஒரே தலையில் இருக்கும். ஆனால் விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க இவ்வளவு போதும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பங்கசும் அல்ல. வெட்டுவாயில் இல்லாமல், விரலுக்கும் விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மாவு தூவினாற்போல் இருந்தால் குச்சியால் கிளறிப் பாருங்கள். அடியில் நீள்வட்டமாக, மெதுவாக நகரும் சிறு பூச்சி இருந்தால் அது மாவுப்பூச்சி. அதன் பிசுபிசுப்பில் கரும்பூசணம் படிந்து தோல் கரிபிடித்ததுபோலத் தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், பழம் கெடாது. தோலில் தட்டையாக, வழவழப்பாகத் தவிட்டு நிறப் புள்ளி விழுவதும் நோய் அல்ல, பழம் முதிர்ந்ததன் அடையாளம். புள்ளி உள்வாங்கிக் குழிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, நடுவில் செம்மஞ்சள் பொடி தெரிந்தால்தான் அது அந்திரக்னோசு என்ற பங்கசு நோய். அது தோட்டத்திலேயே பச்சைக் காயில் ஒட்டி, பழுக்கும்வரை அசையாமல் காத்திருக்கும். அதனால்தான் லொறியில் பார்க்கும்போது பளபளவென்று இருந்த காய், உங்கள் தட்டில் வந்து புள்ளி போடுகிறது.

விரல் உதிர்வதையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உதிர்ந்த விரலின் காம்பு கறுத்திருந்தால் அழுகல். காம்பு மஞ்சளாகவே இருந்து, தோல் மெல்லிதாகிக் கிழிந்து விழுந்திருந்தால் அது அதிக சூட்டிலும் ஈரத்திலும் பழுத்ததன் விளைவு, பங்கசு அல்ல. அதற்கு மருந்தும் இல்லை. பழுக்கவைக்கும் இடத்தைக் குளிர்மைப்படுத்துவதுதான் வழி.

வருமுன் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். லொறி முதலாளியிடம் கேட்டு, வெட்டிய சீப்புக்குப் பதிலாக முழுக் குலையாக எடுக்க முடிந்தால் எடுங்கள். காயம் எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவுக்கு நல்லது. குலையைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் சீப்பாக்குங்கள். முழுக் குலைக்கு லொறியில் இடம் அதிகம் பிடிக்கும், உரசலும் இருக்கும், அதனால் விலை பேசும்போது சற்று விட்டுக்கொடுக்க வேண்டிவரும். இரண்டு கிழமைக் கழிவை எடைபோட்டுப் பார்த்தால் எது இலாபமென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சீப்பாக்கும்போது கத்தி கூராக இருக்கட்டும். தண்டோடு ஒட்டி, ஒரே இழுப்பில், வழவழப்பான வெட்டு விழ வேண்டும். தலைத் தசை விரல்களோடு தாராளமாக நிற்கட்டும். குறைவாக வைத்து வெட்டினால் அழுகல் காம்புக்குப் போகும் தூரமும் குறைந்துவிடும். கையால் பிய்ப்பதும் மொட்டைக் கத்தியால் அறுப்பதும் நாரை நாராகக் கிழிக்கும். அந்தப் பிசிறு ஒவ்வொன்றும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குலைக்குக் குலை கத்தியை, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கோப்பையில் முக்கி எடுங்கள்.

வெட்டிய சீப்பைத் தலை கீழாக 10 நிமிடம் வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு கழுவல். 10 லீற்றர் சுத்தமான தண்ணீருக்கு, வாசனை சேர்க்காத 5 வீதச் சலவை பிளீச் 20 மில்லிலீற்றர், அதாவது 4 தேக்கரண்டி. அதில் சீப்பை ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கியதும் மாற்றிவிட வேண்டும். அழுக்கும் வாழைப்பாலும் குளோரினைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு அதே வாளியில் கழுவுவது, ஒரு சீப்பின் வித்தை மற்றச் சீப்புக்குப் பரிமாறுவதுதான். பல கடைகளில் காலையில் பிடித்த தண்ணீர் மத்தியானம்வரை ஓடும், அதைவிடக் கழுவாமலே வைக்கலாம். பிளீச்சோடு வினாகிரியையோ கழிப்பறை கழுவும் அசிட்டையோ ஒருநாளும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கழுவி எடுத்த பிறகு, வெட்டுவாயை மட்டும் படிகாரக் கரைசலில் தொட்டு எடுங்கள். 1 லீற்றருக்கு 10 கிராம், அதாவது 1 வீதம். படிகாரம் வாழைப்பாலை உறையவைத்து வெட்டுவாயை மூடும். தனியாக அது பங்கசைக் கொல்லும் மருந்தாக நிற்காது. ஆனால் மலிவானது, தின்னாத பகுதியில்தான் படுகிறது, வெட்டுவாய் சீக்கிரம் உலர்கிறது. பின்பு ஒரு மேசை விசிறியை ஓடவிட்டு முழுக்கக் காயவையுங்கள். காயாமல் அடுக்கினால் இதுவரை செய்ததெல்லாம் வீண். இன்னொன்று, இந்த வேலையெல்லாம் வெட்டிய சில மணி நேரத்துக்குள் நடந்தால்தான் பலன். எம்பிலிப்பிட்டியவில் முந்தாநாள் வெட்டிய சீப்பை ஹட்டனில் கழுவினால் மேல்வித்து மட்டுமே போகும், உள்ளே இறங்கியது இறங்கியதுதான். அப்படி வந்த சீப்பில் வெட்டுவாயைப் புதிதாகச் சுத்தத் தசைவரை சீவி, அதன் பிறகு கழுவுங்கள்.

அடுக்கும்போது காய்ந்த வாழை இலையைப் பெட்டிக்குள் போடாதீர்கள். மெத்தையாக இருக்கிறதென்று லொறியில் பரப்பிவிடுவார்கள். வித்து வாழ்கிற வீடே அதுதான். பழைய பேப்பரோ கழுவி உலர்த்திய உரப்பையோ போதும்.

இப்போது குளிர். மலைநாட்டுக் கடைக்காரர்கள் பலரும் பங்கசு என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். வாழைக்காய்க்கு 13, 14 பாகை செல்சியஸ் வரைக்கும் பிரச்சினை இல்லை, உண்மையில் அந்த அளவில்தான் தலை அழுகலும் மெதுவாக நகரும். 13க்குக் கீழே போய் மணிக்கணக்கில் நின்றால் தோலிலுள்ள செல்கள் சேதமாகின்றன. பிறகு அந்தக் காய் மஞ்சளாகாமல் மங்கிய சாம்பல் கலந்த நிறத்துக்குத்தான் வரும், நடு கெட்டியாக நிற்கும். உங்கள் தை மாதப் பெட்டிகள் இவைதான். உறுதி செய்ய, காயின் பச்சைத் தோலை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். தோலுக்கு உடனே அடியில் நீளவாக்கில் தவிட்டு நிறக் கோடுகள் ஓடினால் குளிர்தான் காரணம். நுவரெலியாவில் தை, மாசி இரவுகள் 10 பாகைக்கும் கீழே போகும். ஹட்டன் அதைவிடத் தாழ்வான ஊர் என்றாலும், ஷட்டருக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் கிடக்கிற பெட்டிக்கு அந்த வித்தியாசம் பெரிதாக உதவாது. குளிர் பட்ட தோலில் பங்கசும் எளிதாகப் பிடிக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம்.

சாதாரண வெப்பமானி ஒன்றைச் சுவரில் மாட்டாமல், பெட்டி இருக்கிற உயரத்திலேயே வையுங்கள். விடியற்காலை 5 மணி அளவைப் பாருங்கள். பெட்டிகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகைமேல் ஏற்றி, ஷட்டரிலிருந்து தள்ளி, உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். இரவில் மூடுவதற்குச் சாக்கு நல்லது, பொலித்தீன் கூடாது. காய் மூச்சு விடுகிறது, நீரையும் விடுகிறது. பொலித்தீனுக்குள் அது குளிர்ந்து துளிதுளியாக வெட்டுவாயில் விழும். காலையில் பொலித்தீனின் உள்பக்கம் முத்துமுத்தாக நீர் நின்றால், அன்றிரவு பங்கசுக்கு நீங்கள் விருந்து வைத்திருக்கிறீர்கள்.

குளிரில் பழுக்கவில்லை என்று கார்பைட் பக்கம் போகாதீர்கள். அதில் ஆர்சனிக், பொசுபரசு கலப்புகள் இருக்கும். அது விடுகிற அசற்றலின் வாயுவும் தோலைத்தான் மஞ்சளாக்கும், உள்ளே மாவாகவே நிற்கும். 16 முதல் 20 பாகைவரை உள்ள மூடிய சிறு அறையோ பெரிய பெட்டியோ போதும். நன்றாகப் பழுத்த, ஆனால் அழுகாத பழங்கள் சிலவற்றைக் காயோடு வைத்து மூடுங்கள். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் திறந்து காற்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் காபனீரொட்சைட்டு சேர்ந்து பழுப்பது நின்றுபோகும். நிறம் திரும்பத் தொடங்கியதும் வெளியே எடுத்துக் காற்றாடவிடுங்கள். அழுகிய தலையும், காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை விடும் என்பதை மறக்க வேண்டாம்; ஒரு கெட்ட சீப்பு அந்தப் பெட்டி முழுவதையும் நேரத்துக்கு முன் பழுக்கவைத்துவிடும். இறக்கும்போதே பெட்டி பெட்டியாகப் பார்த்து, கறுத்த தலையை லொறிக்காரர் நிற்கும்போதே திருப்பிக் கொடுங்கள். மறுநாள் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

சிவப்பு நடுவுக்கு வருகிறேன். நைக்ரோஸ்போரா என்றொரு பங்கசு காயின் உட்பக்கத்தைத் தாக்கும். வெளித்தோல் மாசில்லாமல் இருக்கும், உரித்தால் நடுவில் கருஞ்சிவப்பு, அந்த இடம் குழைந்து போயிருக்கும். முற்றினால் உள்தசை நீராகி, அழுத்தினால் பீச்சியடிக்கும். சில பற்றீரியாக்களும் இதேபோன்ற சிவப்பு கலந்த கறையை உண்டாக்கும். உள்ளே இரத்தம் ஏற்றியிருந்தால் நாளடைவில் அது பழுப்பாகிக் கறுத்திருக்கும். ஊசி நுழைந்த இடத்தில் தோல் கறுத்துத் துளை தெரியும். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தமோ என்று பயப்படவும் வேண்டாம், எச்.ஐ.வி. உணவின் வழியாகத் தொற்றாது. அந்த அம்மாவிடம் வாதாடாமல் பழத்தை மாற்றிக் கொடுத்து, அதே சீப்பிலுள்ள இன்னொரு விரலை அவர் முன்னாலேயே நெட்டுக்கு வெட்டிக் காட்டுங்கள். அதிலும் சிவப்பு இருந்தால் சீப்பு முழுவதும் குப்பைக்கு.

தின்னலாமா என்ற கேள்விக்கு, எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் பதில். தலையில் மட்டும் வெள்ளை, காம்பு சுத்தம் என்றால் தலையைச் சீவிவிட்டு விற்கலாம். உள்ளே இருக்கும் பழத்துக்கு ஒன்றும் இல்லை. கறுப்பு காம்புக்குள் வந்துவிட்டால் அந்த விரலைப் பிரித்து, மற்றவற்றை அன்றைக்கே விலை குறைத்து, விஷயத்தைச் சொல்லி விற்றுவிடுங்கள். தசைக்குள் இறங்கியிருந்தால், புளித்த வாடையோ சாராய வாடையோ அடித்தால், வெட்டி எடுத்து மீதியைத் தின்னவும் வேண்டாம். பழத்தசை மென்மையானது, பங்கசின் நூல்கள் கண்ணுக்குத் தெரிகிற கறைக்கு அப்பாலும் ஓடும். பியுசேரியத்தில் சில வகைகள் நச்சும் உண்டாக்கக்கூடியவை. இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளுக்குப் பூஞ்சைத் தூசி மூச்சில் போவதும் நல்லதல்ல, அவர்கள் கையில் பூத்த சீப்பைக் கொடுக்கக்கூடாது. பழம் தின்ற பிறகு யாருக்காவது வாந்தி பேதி என்றால் அதற்கு வாழைதான் காரணமென்று கடையில் நின்று தீர்மானிக்க முடியாது. மீதியைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்.

கழிவை மூடியுள்ள வாளியில் போட்டு அன்றன்றைக்கே வெளியேற்றுங்கள். தட்டுக்கு அடியில் விட்டால் சின்னப் பழ ஈக்கள் மொய்த்து வித்தை மேலே தூக்கிக்கொண்டு வரும். கடைக்குப் பின்னாலுள்ள வாழைக்கு அடியில் பச்சையாகக் கொட்ட வேண்டாம். சற்றுத் தள்ளிக் குழி வெட்டி, மண் மூடி மக்கவிட்ட பிறகு போடலாம். அந்த வாழை கோலிக்குட்டு என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். பனாமா வாடல் என்ற வாழை நோய் கோலிக்குட்டை எளிதில் பிடிக்கும். அது விற்கிற பழத்தின் வழியாக அல்ல, கன்றின் வழியாகவும் மண்ணின் வழியாகவும் வருகிறது, வந்த மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். அடி இலைகள் விளிம்பிலிருந்து மஞ்சளாகி மடிந்து தொங்கினால், தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பு வளையங்கள் இருந்தால் அந்தப் புதரிலிருந்து ஒரு கன்றையும் எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னால், உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைப் பிடிக்க வழி சொல்வார்கள்.